உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவது எப்படி?

என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டாள். பாட்டிலில் நிரப்பிக் கொடுத்த தண்ணீரும் சாயந்திரம் அப்படியே திரும்பி வரும். ஒருநாள் ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். மடியில் உட்காரவைத்துக் கேட்டதும், "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்மா, அங்க கதவே இல்ல" என்றாள். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்போது 74 பெண் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுக்கு இரண்டே கழிப்பறைகள். ஒன்றுக்குக் கதவில்லை, இன்னொன்றில் தண்ணீர் வராது.

மறுநாளே ஒரு மனு எழுதி, கல்வி அலுவலகம் ஒன்றில் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் நடந்தேன். கடைசியில் அங்கிருந்த எழுத்தர் பரிதாபப்பட்டு, "கட்டடம் எங்க பொறுப்பு இல்லம்மா, பி.டி.ஓ. ஆபீஸ்ல குடுங்க" என்றார். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் அந்த ஐந்து மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்ப் பலகையைப் படியுங்கள்

பள்ளி யாருடையது என்பது வாசலிலேயே எழுதியிருக்கும். "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" அல்லது "நடுநிலைப் பள்ளி" என்றிருந்தால் ஆசிரியர், பாடம், வருகை சம்பந்தமான எல்லாம் தலைமை ஆசிரியரிடமிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கும் (பி.இ.ஓ.), அவரிடமிருந்து தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகும். கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்றால் ஒன்றிய அலுவலகம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). குழாய்த் தண்ணீரும் துப்புரவும் ஊராட்சியின் வேலை. சத்துணவுக்கு ஒன்றிய அலுவலகத்திலேயே தனிப் பிரிவு உண்டு.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் ஆணையர். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்றால் துறையே வேறு. உதவி பெறும் பள்ளிகளில் கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு.

பி.இ.ஓ., பி.டி.ஓ. என்று இரண்டு பெயரும் காதில் ஒன்று போலவே விழும். கல்வி ஒருவரிடம், கட்டடம் இன்னொருவரிடம். மனுக்கள் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வாருங்கள்

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்குத் தெரியாமல் போய்ப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால் அன்றோடு அவர் உங்களிடம் பேசமாட்டார். பல தலைமை ஆசிரியர்கள் மேலே கேட்கப் பயந்து தங்கள் கைக்காசைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். "நாங்க கேக்குறோம் டீச்சர், நீங்க கணக்கு மட்டும் குடுங்க" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு நிம்மதிதான்.

நோட்டில் எண்ணாக எழுதுங்கள். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை அறைகள், எத்தனை கழிப்பறைகள், அவற்றில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ளவை எத்தனை. கூரை ஒழுகுகிறதா, சுவரில் விரிசல் எங்கே, மின் ஒயர் தொங்குகிறதா. இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விரிசல் தெரிந்தால் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து, அரசின் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அதை வைத்து யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியின் விவரங்களைப் பார்க்கலாம். எங்கள் பள்ளிக்குப் "பயன்பாட்டில் உள்ள மாணவியர் கழிப்பறை: 2" என்று பதிவாகியிருந்தது. பதிவில் இரண்டு இருக்கும்வரை புதிது எப்படி வரும்? ஆகவே நாங்கள் முதலில் கேட்டது அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லித்தான்.

எண்களைச் சட்டத்தோடு பொருத்துங்கள்

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். அதன் கடைசியில் உள்ள அட்டவணையை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒருவர், அதோடு கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று தனித்தனியாக ஆள் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர், மாற்றுத்திறன் பிள்ளைகள் தடையில்லாமல் வந்துபோக வழி. இவை எல்லாம் சட்டத்தின் பேரில் வர வேண்டியவை. "தயவுகூர்ந்து" என்று மனுவில் எழுதத் தேவையில்லை, "சட்டப்படி வழங்க வேண்டிய" என்று எழுதுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு: உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம்

தனி ஆளாக மனு கொடுத்தால் அது ஒரு தாயின் புலம்பல். குழுவின் தீர்மானமாகப் போனால் அது அலுவலகக் கோப்பு. சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் இந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. (உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும்.) தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் எல்லாப் பள்ளிகளிலும் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

குழுவில் இல்லையா? கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். இருக்கிறீர்களா? இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள்.

ஒன்று, எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டை வீட்டுக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. எங்கள் ஊரில் ஒரு அக்கா, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த மாதத்திலிருந்து கூட்டம் பள்ளியிலேயே நடந்தது.

இன்னொன்று, குழுவில் காலனிப் பிள்ளைகளின் பெற்றோர் பெயரளவுக்கு இருக்கிறார்களா, பேசுகிறார்களா என்று பாருங்கள். பெண் உறுப்பினருக்குப் பதில் கணவர் வந்து உட்காருவதையும் அனுமதிக்காதீர்கள். கூட்டத்தை நூறுநாள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மாற்றினோம். அதுவரை வராத ஏழு பேர் வந்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராததற்குக் காரணம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாதியில் உடைந்திருப்பதுதான் என்று சொன்னது அவர்களில் ஒருவர். குழாய் பதித்தபோது கூலிக்கு வேலை செய்தவர் அவர்தான்.

தீர்மானம் எழுதுவது

"பள்ளிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் அதற்குப் பதிலும் அதே மாதிரி வரும்: "பரிசீலிக்கப்படும்." நாங்கள் இரண்டாவது முறை எழுதியது இது:

"இப்பள்ளியில் பயிலும் 74 மாணவியருக்குப் பயன்படும் நிலையில் ஒரு கழிப்பறை கூட இல்லை. கிழக்குப் பக்கக் கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் பொருத்தவும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் உடைந்த குழாயைச் சுமார் 40 அடிக்கு மாற்றவும், கூடுதலாக இரண்டு கழிப்பறைகள் கட்டவும் வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்வது எனத் தீர்மானிக்கப்படுகிறது. கதவு, குழாய் வேலையை 30 நாட்களுக்குள் முடிக்கக் கோரப்படுகிறது."

என்ன, எங்கே, எவ்வளவு, யார், எப்போது என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. சிறிய வேலையையும் பெரிய வேலையையும் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். கதவுக்கு மதிப்பீடு போட ஒரு வாரம் போதும், புதுக் கட்டடத்துக்கு நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று வருடமே ஓடிவிடும். இரண்டையும் ஒரே வரியில் கட்டினால் கதவும் கட்டடத்தோடு சேர்ந்து கிடப்பில் போய்விடும்.

தீர்மான நகலில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால் வாதாட வேண்டாம், தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.

எப்போது கேட்பது

பணமும் பணியிடமும் பிரிகிற காலம் என்று ஒன்று இருக்கிறது. அது தாண்டிய பிறகு கேட்டால் நல்ல அதிகாரிகூட "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுதான் சொல்ல முடியும்.

ஆசிரியர் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 1 முக்கியம். அந்தத் தேதியில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று காட்டிப் பணி நிரவலில் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே ஏப்ரல், மே மாதங்களிலேயே வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குப் பேசுங்கள். ஜூன், ஜூலையில் இன்னும் சேராத பிள்ளைகளைத் தேடுங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள் திரும்பி வந்திருக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் கணக்கிலும் இருக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஆறு பிள்ளைகள் சேர்ந்ததால் ஒரு பணியிடம் தப்பித்தது.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவின் தீர்மானத்தை அங்கே வாசித்து, ஊரின் தீர்மானமாகவும் பதிவு செய்யுங்கள். குழாயும் துப்புரவும் ஊராட்சி நிதியில் நடக்க வேண்டியவை என்பதால் இது வெறும் சடங்கு இல்லை. அங்கேயும் தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்த பிறகுதான் கையெழுத்து.

பள்ளியின் கைக்கே வரும் ஒரு தொகையும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் தரும் பள்ளி மானியம் அது. மாணவர் எண்ணிக்கை 101 முதல் 250 வரை என்றால் 50,000 ரூபாய், 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது திட்டத்தின் விதிமுறை. அதில் 10 சதவீதமாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். வந்ததா, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்று குழுக் கூட்டத்தில் ரசீதோடு கேட்பது உங்கள் உரிமை. சந்தேகப்படுகிற குரலில் கேட்காதீர்கள், கணக்குப் பார்க்கிற குரலில் கேளுங்கள்.

இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. மாநில அரசு 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரு அரசுகளின் சண்டையில் பள்ளிப் பிள்ளைகளின் பணம் சிக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் "மத்திய நிதி வரலம்மா" என்ற பதில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. யாராவது அப்படிச் சொன்னால் "இந்த வேலை எந்தத் தலைப்பு நிதியில் வருகிறது?" என்று கேளுங்கள். ஊராட்சி ஒன்றியப் பொது நிதியில் போட வேண்டிய கதவுக்கும் அந்த 2,152 கோடிக்கும் சம்பந்தமில்லை.

பதில் வராவிட்டால்

முப்பது நாள் கழித்துத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து போவது நல்லது. மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு சுற்றிச் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும். ஆனால் இப்போது அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். வேலை நடக்காமலே "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிட்டால், அன்றைய தேதியில் எடுத்த படத்தோடு பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கொடுங்கள். படத்தில் பிள்ளைகள் முகம் வரக் கூடாது.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டம் தருவது ஆவணத்தைத்தான். "இப்பள்ளிக் கழிப்பறைப் பராமரிப்புக்குக் கடந்த 3 நிதியாண்டுகளில் ஒதுக்கிய தொகை, மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தக நகல், பணம் வழங்கிய ஆணை நகல்" என்று கேளுங்கள். (அளவுப் புத்தகம் என்றால் செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு.) எங்களுக்கு வந்த பதிலில் நாங்கள் பார்த்தே இராத ஒரு பழுதுபார்ப்பு வேலைக்குக் கணக்கு இருந்தது. அந்த நகலை எடுத்துக்கொண்டு போன மூன்றாவது வாரம் கதவு வந்து இறங்கியது.

கல்வி உரிமைச் சட்டத்திலேயே 32-ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையின் உரிமை மீறப்பட்டால் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. மனுவில் இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. குறிப்பிட்டால் மனுவைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

நன்கொடை பற்றி ஒரு வார்த்தை. 1950-களின் பிற்பகுதியில், காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் மேசை, நாற்காலி, மணி, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்ற அரசுத் திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். கொடுங்கள். ஆனால் சட்டப்படி அரசு தர வேண்டியதைக் கேட்பதை நிறுத்திவிட்டுக் கொடுக்காதீர்கள். வசதியுள்ள ஊர்ப் பள்ளிக்கு ஏசி வகுப்பறையும், ஏழை ஊர்ப் பள்ளிக்கு ஒன்றும் இல்லாமலும் போவது அப்படித்தான்.

ஊரைத் தாண்டி

ஒரு பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் அது ஊர்ப் பிரச்சினை, ஒன்றியத்தில் பத்துப் பள்ளியில் இல்லையென்றால் அது கொள்கைப் பிரச்சினை. பக்கத்து ஊர் மேலாண்மைக் குழுக்களின் எண்களையும் சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும். கட்டடத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்ற தனி ஒதுக்கீடுகள் உண்டு. உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பட்ஜெட்டுக்குப் பின் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது, சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும். அதற்குப் பத்து நாள் முன்பாக உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் அந்த ஒற்றைத் தாளைக் கொடுங்கள். இருபது பக்கம் கொடுத்தால் படிக்க நேரமிருக்காது, எண்கள் உள்ள ஒரே பக்கம் என்றால் அவையில் அப்படியே வாசிக்கலாம்.

கொள்கைகளும் மாறுகின்றன. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள். பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் தொடர்ந்து எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அது ரத்தானது. பத்து வயதுப் பிள்ளையைப் பெயில் என்று ஒதுக்குவதை ஊர் ஊராக மறுத்த பிறகுதான் அது நடந்தது.

கோப்பைக் கைமாற்றுங்கள்

உங்கள் பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் உங்கள் உறுப்பினர் பதவியும் போய்விடும். பலருடைய உழைப்பு அதோடு பரணுக்குப் போகிறது. நான் எட்டாம் வகுப்புத் தாயாக வெளியே வந்தபோது ஒரு பச்சை நிறக் கோப்பை அடுத்த தலைவியிடம் கொடுத்தேன். உள்ளே எல்லாத் தீர்மான நகல்கள், முத்திரை வாங்கிய மனுக்கள், தபால் ஒப்புகை அட்டைகள், தகவல் உரிமைப் பதில்கள், சட்ட அட்டவணை, எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று ஒரு தாள். மேலே நின்றுபோன வேலைகளின் பட்டியல்: புதுக் கழிப்பறை இரண்டில் ஒன்று கட்டியாயிற்று, ஒன்று பாக்கி. சமையலறைக்குச் சாய்வுப் பாதை மதிப்பீட்டில் இருக்கிறது. வடக்குச் சுவர் விரிசல், மனு கொடுத்தது நவம்பர் 1, நினைவூட்டுக் கடிதம் டிசம்பர் முதல் வாரம் அனுப்ப வேண்டும்.